வீட்டைப் பிரிச்சிட்டுத் தாலி கட்டுவோம்

"விவாகரத்துத்தான் முடிஞ்சுதே, இனி என்ன தடை?" என்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கேட்டா. தடை, ஒஸ்லோவில் நாங்கள் வாங்கிய வீடுதான்.

நோர்வேயில் மறுமணம் செய்ய விரும்புபவர், முந்தைய திருமணத்துச் சொத்துப் பிரிவினை பற்றி வரித்திணைக்களத்துக்குக் காட்டவேண்டும். 1991ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, கடன் போக மிஞ்சுவது பொதுவாக ஆளுக்குப் பாதி. வீட்டின் பெறுமதி 60 இலட்சம் குரோனர், வங்கிக்கடன் 40 இலட்சம் என்றால், ஒருவருக்கு 10 இலட்சம். திருமணத்துக்கு முன் இருந்ததையும், பெற்றோர் தந்ததையும், ஆதாரம் இருந்தால் தனியே எடுக்கக் கேட்கலாம். எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லை. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதிந்த தேசவழமையிலும் முதுசம் வேறு, தேடியதேட்டம் வேறு.

"வீடு உன்ர பேரில்தானே, கொஞ்சத்தைக் குடுத்து முடி" என்றார்கள் நண்பர்கள். கடன் என் சம்பளத்தில் போனது உண்மை. ஆனால் சாப்பாடும் பிள்ளையின் செலவும் அவவின் இரவு வேலையில்தான் நடந்தன. அந்தச் செலவு இல்லாததால்தான் என்னால் கடன் கட்ட முடிந்தது. பாதி அவவுடையதுதான்.

இருவரும் கையெழுத்திட்ட கடன் என்றால், வங்கி விடுவிக்கும்வரை இருவருக்கும் பொறுப்பு. ஆகவே பங்கு, கடன் இரண்டையும் எழுத்தில் முடிப்போம். பெரியவர்கள் முன் சொன்ன வாய்ப்பேச்சு போதாது. புதிதாக வருபவரோடும் தனிச்சொத்து பற்றிப் பேசி, இரண்டு சாட்சிகளுடன் திருமண ஒப்பந்தம் எழுதலாம். அது சந்தேகமல்ல, பிள்ளைக்கும் அவருக்கும் செய்யும் நியாயம்.