மூணு பேர் வந்தா ஆட்டம் உண்டு!

மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. 1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டும் விளையாட்டு. எங்கள் கதை நடப்பது பக்கத்துத் தேவனாம்பட்டினத்தில். 1690-ல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டையில்.

ராத்திரி முழுக்க ஓடிய ஆட்டம், குழந்தைகள் பிறந்ததும் நின்றது. எல்லாருக்கும் தோதான நாள் பார்த்தே ஏழு மாதம் ஓடிப்போச்சு. ஒருத்தனின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததே, அவர் வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நின்றுபோனது ஆட்டம் மட்டுமல்ல என்று அன்றுதான் உறைத்தது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை நாலு முதல் ஆறு வரை. மூணு பேர் வந்தால் போதும். வராதவனின் பாத்திரம் அன்றைக்குக் கோட்டை வாசலில் காவல் நிற்கும், கோபம் கிடையாது. அடுத்த ஞாயிறு மாலை மனைவிக்கு. குழந்தை என் பொறுப்பு.

போன மாதம் பாப்பாவுக்குக் காய்ச்சல். காவல் நின்றது நான்தான். கதை வாய்ஸ் நோட்டில் வந்தது.

கேரமோ, கிரிக்கெட்டோ, உங்கள் செட்டும் கலைந்து கிடக்கிறதா? எல்லாரும் வரும் நாளுக்குக் காத்திருக்காதீங்க. நாளைக் குறிங்க!