செல்போனைப் பிடுங்கினால் போதுமா?

நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகைக் கூடையைக் கொண்டுவருகிற விவசாயி எவரும், முதல் ஆள் சொன்ன விலைக்குப் பூவைக் கொட்டிவிட்டுப் போவதில்லை. நாலு பேரை விசாரிக்கிறார், தராசைப் பார்க்கிறார், முகூர்த்த நாளா, வெறும் நாளா என்று யோசிக்கிறார். அதே மனிதர், செல்போனில் ஒரு செய்தி வந்துவிட்டால், அதை எழுதினவன் யார், அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. நம்புவதோடு நில்லாமல் பத்துப் பேருக்கு அனுப்பியும் வைக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு இவரே, “இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனால் கெட்டுப்போகிறார்கள்” என்று அங்கலாய்க்கிறார். கெடுத்தது யார் என்பதே நமது கேள்வி.

முன்னெல்லாம் போஸ்டு கார்டு ஒன்று வரும். இன்ன சாமியின் பெயரை எழுதி இத்தனை பேருக்கு அனுப்பினால் செல்வம் பெருகும், அனுப்பாவிட்டால் ரத்தம் கக்கிச் சாவாய் என்று அதில் இருக்கும். அதற்குக் கார்டு வாங்கக் காசாவது செலவாயிற்று. இப்போது வாட்ஸ்அப்பில் அந்தச் செலவும் இல்லை. மூடநம்பிக்கைக்கு வண்டிச் சத்தம் மிச்சம்!

இது சிரித்துவிட்டுப் போகிற சங்கதியன்று. 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற புரளி வாட்ஸ்அப்பில் பரவிற்று. அந்த மே மாதத்தில், போளூருக்கு அருகிலுள்ள அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த 65 வயது அம்மாள் ஒருவர், அன்பாகக் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். அதற்காக ஊரார் கூடி அவரை அடித்தே கொன்றார்கள். அந்த நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய ஒரு வீடியோ, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று எடுத்த விளம்பரப் படம். பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற கடைசிக் கட்டத்தை வெட்டிவிட்டு, மெய்யான கடத்தல் என்று அனுப்பினார்கள். “இதை யார் எடுத்தது? எங்கே எடுத்தது?” என்று கேட்கப் பழகிய ஜனங்களாயிருந்தால் ஒரு கிழவியின் மேல் கை ஓங்கியிருப்பார்களா?

நிற்க. மற்றொரு ஆபத்து இதைவிடக் கொடியது. 2019-இல் பொள்ளாச்சியில் வெளிவந்த வழக்கை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு கூட்டம் சமூக வலைத்தளத்தின் வழியாகவும் பெண்களோடு பழகி, நம்பவைத்து வரவழைத்து, பலாத்காரம் செய்து, அதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டிற்று. அந்த அயோக்கியர்களுக்கு மூலதனம் எது? செல்போனா? அல்ல. “வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்” என்று பெண்ணுக்கு நாம் ஊட்டிவைத்திருக்கிற பயமே அவர்கள் மூலதனம். கற்பென்னும் விலங்கைப் பெண்ணுக்கு மாத்திரம் மாட்டிய சமூகம், அதன் சாவியை மிரட்டுகிறவன் கையில் கொடுத்துவிட்டது. பயத்தை உதறி ஒரு பெண் புகார் கொடுத்த பிறகே அந்தக் கூட்டம் பிடிபட்டது. 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

வளர்ந்த பெண்களுக்கே இந்தக் கதியென்றால், பள்ளிக்கூடத்துப் பெண் என்ன செய்வாள்? அவள் படத்தை எவனோ ஆபாசமாக மாற்றி அனுப்பினான் என்று வீட்டில் வந்து சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? செல்போனைப் பிடுங்குகிறோம்; படிப்பை நிறுத்துகிறோம்; மாப்பிள்ளை பார்க்கிறோம். குற்றம் செய்தவன் தெருவில் திரிகிறான். குற்றமற்றவள் அடுப்பங்கரையில் சிறையிருக்கிறாள். இதைக் கண்ட தங்கை, தனக்கு ஒன்று நேர்ந்தால் வாயைத் திறப்பாளா?

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைக்கக்கூடாதென்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதைக் குறை கூறவில்லை. ஆனால் 16 முடிந்த மறுநாள் காலையில் புத்தி தானாக முளைத்துவிடுமா? அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே வேண்டும்?

சொல்லிக்கொடுக்க வேண்டியது மிகக் கொஞ்சம். யார் சொன்னாலும் விசாரிக்காமல் நம்பாதே. நம்பாததைப் பிறருக்கு அனுப்பாதே. ஒருவன் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற வசவை, ஜாதிப் பேச்சை, முகம் மறைத்தும் சொல்லாதே. முகமறியாதவனுக்குப் படமோ விலாசமோ கொடுக்காதே. ஒரு பெண்ணின் படம் உன் கைக்கு வந்தால் அது உன்னோடு நிற்கட்டுமென்று வைத்துக்கொள்ளாதே. அழித்துவிட்டு, அனுப்பினவனைப் பெரியவர்களிடம் காட்டிக்கொடு. 18 வயதுக்குட்பட்டவர்களின் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் நம் வாலிபர்கள் அறியட்டும். எவனாவது மிரட்டினால், அவன் செய்திகளை அழிக்காமல் சாட்சியாக வைத்துக்கொண்டு வீட்டில் சொல். 1098, 1930 என்ற எண்களுக்குப் பேசு.

பெற்றோர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: “என்ன நேர்ந்தாலும் என்னிடம் சொல், உன்னை அடிக்கமாட்டேன், படிப்பை நிறுத்தமாட்டேன்.” சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

1925-இல் தொடங்கிய நமது இயக்கம், யார் சொன்னாலும் சிந்தித்து ஏற்றுக்கொள் என்றுதான் சொல்லி வந்திருக்கிறது. அதைக் கோயிலுக்கும் புராணத்துக்கும் மாத்திரம் வைத்துக்கொண்டு, செல்போனுக்கு விலக்குக் கொடுத்துவிட்டால் என்ன பயன்? பூவுக்கு விசாரிக்கிற விவேகத்தைப் பிள்ளைக்கும் காட்டுங்கள் என்றே கேட்டுக்கொள்ளுகிறோம்.