நகம் சொல்லும் செய்தி

பிரியாத நட்புடைய இருவரை "நகமும் சதையும் போல" என்று கூறுவது நம்மவர் வழக்கு. நகத்தின் இயல்பை நன்கு அறிந்தே முன்னோர் இவ்வுவமையை ஆண்டனர் எனலாம். நகம் விரல் நுனியில் ஒட்டவைத்த வெறும் ஓடு அன்று. அடியிலுள்ள சதையும், அச்சதைக்கு ஊட்டம் அளிக்கும் இரத்தமும் எந்நிலையில் உள்ளனவோ, அந்நிலையை அது வெளியே காட்டிக்கொண்டிருக்கிறது.

பாடசாலைகளிலே மாணவரின் நகங்களைப் பார்வையிடும் நல்வழக்கம் உண்டு. அழுக்கு இருக்கிறதா, ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறதா என்று ஆசிரியர் நோக்குகிறார். இவ்விரண்டும் குறைவின்றி இருந்தால் பிள்ளை தப்பிவிடுகிறது. அந்நகம் சிவந்திருக்கிறதா, வெளிறியிருக்கிறதா என்று நோக்குவோர் மிகச் சிலரே. வகுப்பிலே சோர்ந்து கிடந்து, விளையாட்டிலே பின்தங்கி, வீட்டிலும் பாடசாலையிலும் "சோம்பேறி" என்று பெயரெடுத்த பிள்ளையின் குறை புத்தியில் இல்லாமல், இரத்தத்தில் இருக்கவும் கூடும். ஆதலின் நகத்தைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடமையாகின்றது.

மயிரைப் போலவே நகமும் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. தோலுக்குள் மறைந்துள்ள நகவேரிலே அது உருவாகி, மெல்ல மெல்ல முன்னோக்கித் தள்ளப்படுகின்றது. கைவிரல் நகம் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். கால்நகத்தின் வளர்ச்சி அதில் பாதியளவே. வில்லியம் பீன் என்னும் அமெரிக்க வைத்தியர் தமது பெருவிரல் நகத்தில் மாதந்தோறும் குறியிட்டு, 35 ஆண்டுகள் அதன் வளர்ச்சியை அளந்து, 1980ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அவருடைய 32ஆம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்த நகம், 67ஆம் வயதில் 0.095 மில்லிமீற்றரே வளர்ந்தது. முதுமை நகத்தையும் விட்டுவைப்பதில்லை!

கடுங்காய்ச்சலோ பெரிய சத்திரசிகிச்சையோ நேர்ந்தால் நகவேர் தன் வேலையைச் சிறிது காலம் குறைத்துக்கொள்கிறது. உடல் தேறிய பின்னர் நகங்களின் குறுக்கே ஒரு பள்ளம் தோன்றும். போ என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1846ஆம் ஆண்டில் இதனை விளக்கியமையால் அக்கோடு அவர் பெயரால் வழங்குகின்றது. நகத்தின் அடியிலிருந்து 6 மில்லிமீற்றர் தூரத்தில் அக்கோடு இருப்பின், நோய் ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன் வந்தது என்று கணக்கிடலாம். நோய் நீங்கியிருப்பின் அஞ்சவேண்டியதில்லை. கோடு வளர்ந்து தானே வெளியேறிவிடும்.

நகம் வெளிறியிருப்பது இரத்தசோகையின் அடையாளமாகலாம். கீழிமையின் உட்புறத்தையும் உள்ளங்கையையும் உடன் பார்த்தால் ஐயம் வலுப்படும். இரும்புச்சத்துக் குறைபாடு நீடித்தால், நகம் மெலிந்து, நடுவில் குழிந்து, கரண்டி போலாகும். ஒரு துளி நீரை விட்டால் வழியாமல் அதன்மேல் தங்கும். கைக்குழந்தைகளின் நகம் இயல்பாகவே இவ்வாறு குழிந்திருப்பதுண்டு. ஏனையோரிடத்தில் கண்டால் இரத்தத்தைச் சோதிப்பித்தல் வேண்டும்.

இக்குறைக்குக் காரணங்கள் பல. போதிய உணவின்மை ஒன்று. பெண்களின் மாதாந்த இரத்தப்போக்கு மிகுதல் மற்றொன்று. மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் கொழுக்கிப்புழு இன்னொன்று. நம் நாட்டிலே தோட்டத் தொழிலாளரை இப்புழு வாட்டியமையால், 1916ஆம் ஆண்டிலேயே அதனை ஒழிக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் செருப்பணிந்து நடப்பதும் மலகூடத்தைப் பயன்படுத்துவதும் வெறும் நாகரிகத்துக்காக அல்ல என்பதை இதனால் உணரலாம்.

கீரை வகைகள், பயறு, கௌபி, மச்சம் உண்போருக்கு மீன், ஈரல் ஆகியன இரும்புச்சத்தைத் தரும். தேசிக்காய், நெல்லி, கொய்யா முதலியவற்றை உடன் சேர்த்துக்கொண்டால் உடல் அச்சத்தை நன்கு ஏற்கும். சாப்பாட்டோடு தேநீர் அருந்தும் பழக்கமோ அதனைத் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துவதே நன்று.

விரல் நுனி பருத்து, நகம் கிளிமூக்குப் போல் வளைவதும் உண்டு. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனைக் கண்டு கூறினார். இருகைகளின் ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம் சேருமாறு பொருத்திப் பாருங்கள். நகங்களின் அடியில் சாய்சதுர வடிவான சிறு இடைவெளி தெரிதல் வேண்டும். அவ்விடைவெளி மறைந்திருப்பின் வைத்தியரிடம் செல்க. சுவாசப்பை, இருதயம், ஈரல் ஆகியவற்றின் நோய்களில் இவ்வாறு நேர்வதுண்டு. இச்சோதனையை 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னாபிரிக்க இருதய வைத்தியர் ஷம்ரொத், தாம் நோயுற்றிருந்தபோது தம் விரல்களிலேயே இதனைக் கண்டறிந்தார்.

நகத்தில் தோன்றும் சிறு வெண்புள்ளிகளைக் கண்டு, சுண்ணாம்புச்சத்துக் குறைவென்று பலர் கலங்குவர். அவை பெரும்பாலும் நகவேரில் பட்ட சிறு அடியின் தழும்புகளே. நகம் நீலம் பாரித்து, மூச்சும் திணறுமாயின் ஒரு கணமும் தாமதித்தல் ஆகாது. கருநிறத் தோலுடைய நம்மவர்க்கு நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருத்தல் இயல்பே. எனினும் ஒரே ஒரு விரலில் புதிதாகத் தோன்றி, நாளடைவில் அகன்று, அருகிலுள்ள தோலிலும் படரும் கோடு புற்றுநோயாகவும் இருக்கலாம். அதனை அலட்சியம் செய்யலாகாது.

இனி, நகத்தைப் பேணும் முறையைப் பார்ப்போம். குளித்த பின் நகம் மெதுவாக இருக்கும்போது வெட்டுவது எளிது. கால்நகத்தை நேராக வெட்டுக. மூலைகளை ஆழ வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து வருத்தும். நகத்தின் அடியை மூடிநிற்கும் மெல்லிய தோல் கிருமிகளைத் தடுக்கும் வேலி. அதனை வெட்டினால் நகச்சுற்று வருவதற்கு வழி திறந்ததாகும். ஒருவரது நகவெட்டியை மற்றவர் பயன்படுத்தலாகாது. நகங்கடிக்கும் பிள்ளையின் வயிற்றுக்குள் புழுக்களின் முட்டைகள் எளிதில் சென்றுவிடும். ஓயாது நீரிலும் சவர்க்காரத்திலும் கைவைப்போர், வேலை முடிந்ததும் விரலிடுக்குகளை நன்கு துடைத்துச் சிறிது தேங்காயெண்ணெய் பூசுதல் நலம். நகப்பூச்சு அணியும் பெண்கள் வைத்தியரிடம் செல்லுமுன் அதனை அகற்றிவிடல் வேண்டும். நீரிழிவு நோயாளர் தம் கால்நகங்களை நாள்தோறும் பார்த்துவருதல் வேண்டும். அவர்களுக்குச் சிறு காயமும் பெரும் புண்ணாக மாறக்கூடும்.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். நகம் நோயைத் தீர்மானிக்கும் நீதிபதி அன்று. சந்தேகத்தை எழுப்பும் சாட்சி மாத்திரமே. அதன் சாட்சியைக் கேட்டு முடிவு கூற வேண்டியவர் வைத்தியர். ஆயினும் சாட்சியை அவர் முன் அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்முடையது. நகத்தால் கிள்ளியெறியக் கூடியதைக் கோடரி கொண்டு வெட்டும் நிலைக்கு வளரவிடுவது அறிவுடைமை ஆகாது. இன்று மாலை பிள்ளைகள் படிக்க அமரும்போது, கொப்பிகளைப் பார்ப்பதற்கு முன்னர் அவர்களின் கைகளைச் சற்று வெளிச்சத்தில் நீட்டச் சொல்லிப் பாருங்கள்.