'காலனி' போகட்டும், 'நகர்' யாருக்கு?

2025 ஏப்ரல் இறுதியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகிவிட்டது; எனவே அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். அதே ஆண்டு அக்டோபரில் ஊர், தெரு, நீர்நிலைப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியை நீக்க அரசாணையும் வந்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ரேஷன் கார்டை நீட்டினாலே சாதி தெரிந்துவிடும் முகவரியில் வாழ்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பேங்க் காலனி, ஆசிரியர் காலனி, ரயில்வே காலனி எல்லாம் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர் எவரும் அந்தச் சொல்லால் கூனிக் குறுகியதில்லை. வீட்டு வாசலில் கல்வெட்டாகவே பொறித்து வைத்திருக்கிறார்கள். முன்னொட்டு எதுவும் இல்லாமல் வெறும் 'காலனி' என்றால் மட்டும் அது சேரியைக் குறிக்கிறது. ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு பொருள் வந்தது? கடந்த எழுபத்தைந்து ஆண்டுகளில் நாம் இரண்டு விதமான புதுக் குடியிருப்புகளைக் கட்டியிருக்கிறோம் என்பதுதான் பதில். ஊரும் சேரியும் கிராமத்தின் மிச்சம், நகரம் விரியும்போது அவை தாமாகக் கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்துச் சென்னையிலிருந்து தொடங்கலாம். 1941 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 7.8 லட்சம், 1951இல் 14 லட்சத்தைத் தாண்டியது. வீட்டுத் தட்டுப்பாடு கடுமையானது. நகர மேம்பாட்டு அறக்கட்டளை, கூட்டுறவு வீடுகட்டும் சங்கங்கள், 1961 முதல் வீட்டுவசதி வாரியம் என வரிசையாகக் களமிறங்கின. அடையாறு காந்தி நகர், அசோக் நகர், கே.கே. நகர், 1968 உலக வர்த்தகக் கண்காட்சியை ஒட்டி எழுந்த அண்ணா நகர் எல்லாம் இப்படி வந்தவை. அகலமான சாலைகள், பூங்கா, பிளாக் எழுத்து, மனை எண். அக்கிரகாரமும் ஊரும் சேரியும் இல்லாத புது வரைபடம் என்றுதான் தோன்றும்.

அந்த மனையை வாங்க என்ன வேண்டும்? மாதச் சம்பளம், தவணை கட்டும் திறன், சங்கத்தில் உறுப்பினர் ஆக்கிவிட ஒரு தெரிந்த ஆள். 1950களில் இந்த மூன்றும் யாரிடம் இருந்தன? சாதியைப் பற்றி விதியில் ஒரு வரிகூட எழுதத் தேவைப்படவில்லை. வீட்டுவசதி வாரிய ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு வந்த பிறகுதான் முதல் தலைமுறை தலித் அரசு ஊழியர்கள் சிலர் இந்த நகர்களுக்குள் நுழைய முடிந்தது.

நகரத்தைக் கட்டிய உழைப்பாளிகளுக்கு 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. தொடக்க காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தந்தது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரத்துக்கு வெளியே அள்ளிக்கொண்டுபோய் இறக்கியது. கண்ணகி நகர் முகவரி என்று தெரிந்தாலே வேலை கிடைப்பதில்லை, கடன் கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2021இல் வாரியத்தின் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. பெரும்பாக்கம் பெரும்பாக்கத்திலேயே இருக்கிறது.

சென்னையில் நடந்தது மாவட்ட நகரங்களில் சற்றுத் தாமதமாக, இன்னும் பச்சையாக நடந்தது. நான் வசிக்கும் சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்கிறேன். ராஜபாளையம் சாலை, திருநெல்வேலி சாலை, கழுகுமலை சாலை, புளியங்குடி சாலை என எந்தப் பக்கம் போனாலும் மானாவாரிப் புஞ்சைகள் கல் ஊன்றிய மனைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. கொடி கட்டிய வளைவு, 'டிடிசிபி அப்ரூவ்டு' பலகை, சாமி பெயரிலோ தலைவர் பெயரிலோ ஒரு நகர். இதே வட்டாரத்தில் தலித் மக்களுக்கு வீட்டுமனை வந்த வழி வேறு. 1978ஆம் ஆண்டின் அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ் அரசு நிலம் எடுத்து, சில சென்ட் அளந்து, பட்டா கொடுத்தது. அந்தப் பட்டா பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் நிலம் பெரும்பாலும் எங்கே எடுக்கப்பட்டது? இருக்கும் சேரியை ஒட்டி, அல்லது ஊரைத் தாண்டி. தலித்துகளுக்கான தனிக் குடியிருப்பை அரசு சட்டம் போட்டுக் கட்டியது. மற்றவர்களுக்கான தனிக் குடியிருப்பைச் சந்தை சட்டமே இல்லாமல் கட்டிக்கொண்டது.

சட்டம் இல்லாமல் எப்படி முடிகிறது? ஆய்வுக்காகவும், எனக்கே ஒரு வீடு தேடியும் இந்த மனைப் பிரிவுகளில் நிறைய நடந்திருக்கிறேன். யாரும் "நீங்கள் என்ன சாதி?" என்று கேட்பதில்லை. "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள். சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். அதற்கும் பிடி கிடைக்காவிட்டால், "அப்பா பேரு என்ன, குலசாமி எது?" வரைக்கும் போகும். ஒரு வீட்டில் அட்வான்ஸ் தொகைகூடப் பேசி முடித்துவிட்டோம். தெருப் பெயர் சொன்ன பிறகு, "மக வர்றதா இருக்கா தம்பி, வாடகைக்கு விடல" என்றார் வீட்டுக்காரர். இரண்டு வாரம் கழித்து அங்கே வேறொரு குடும்பம் குடியேறியிருந்தது. மனை விற்பனையில் இது இன்னும் நாசூக்காக நடக்கும். 'அந்த வரிசை முழுக்கப் புக் ஆயிருச்சு' என்று தரகர் சொல்வார். புக் ஆன வரிசையில் ஆறு மாதம் கழித்தும் கருவேலம் முளைத்துக் கிடக்கும்.

அரியும் சிவனும் ஒன்று என்று காட்டும் ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கானோர் கூடும் ஊர் இது. சாமிகள் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக நிற்பதில் எவருக்கும் சிக்கல் இல்லை. பக்கத்து மனையில் மனிதர்கள் நிற்பதுதான் சிக்கல்.

இதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பார்த்தால் நம் நிலை இன்னும் தெளிவாகும். 1947இல் நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட்டவுன் கட்டப்பட்டது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். பின்னணியில் அரசு உத்தரவாதம் கொடுத்த கடன். வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். அதே போரில் சண்டையிட்ட கறுப்பினச் சிப்பாய்க்கு வீடு இல்லை. இத்தகைய நிறவெறி நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957இல் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் குடியேறியபோது கும்பல் திரண்டு கல்லெறிந்தது. 1968இல்தான் வீட்டுப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதனால் அங்கே நிறவெறி ஒழிந்துவிடவில்லை. ஆனால் மறுக்கப்பட்டவர் கையில் ஒரு சட்டம் இருக்கிறது.

இங்கே? 2005இல் அகமதாபாத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினர் தகுதியைப் பார்சிகளுக்கு மட்டும் என்று வைத்திருந்த துணைவிதி செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறுபான்மைச் சமூகம் ஒன்று தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை என்று இதற்கு நியாயம் சொல்லலாம். ஆனால் அந்தக் கதவு திறந்தால் உள்ளே முதலில் நுழைவது ஆதிக்கச் சாதிச் சங்கங்கள்தான். 1917இல் பரோடாவில் அண்ணல் அம்பேத்கரை விடுதியிலிருந்து தடிகளோடு வந்து வெளியேற்றியதும் ஒரு கூட்டத்தின் 'தங்களுக்குள் வாழும் உரிமை' என்ற பெயரில்தான் என்பதை மறக்க முடியுமா?

நம் ஊர்களில் அந்தத் துணைவிதிகூட எழுதப்படுவதில்லை. எழுத்து இல்லை, அதனால் வழக்கும் இல்லை. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவிலுக்கு அருகே பாஞ்சாகுளத்தில் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரர், அதைத் தானே பெருமையாக வீடியோ எடுத்ததால் சிக்கினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது நடந்தது, கடை மூடப்பட்டது, நாடே பேசியது. ஒரு ரூபாய் மிட்டாய் மறுக்கப்பட்டது குற்றம் என்று தெரிகிறது. பல லட்ச ரூபாய் மனை மறுக்கப்படுவது மட்டும் 'அவரவர் விருப்பம்' ஆகிவிடுகிறது.

"என் நிலம், நான் விரும்பியவருக்கு விற்பேன்" என்பார்கள். தனி மனிதர் தன் ஒரு வீட்டை விற்பதைப் பற்றி நான் பேசவில்லை. ஐந்து ஏக்கரை நூறு மனையாகப் பிரித்து விளம்பரம் செய்து விற்பது வணிகம். அந்த மனைப்பிரிவின் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போகின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பத்து விழுக்காடு திறந்தவெளியும் பொதுவுக்குத் தரப்பட வேண்டும். தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் பொதுப் பணம். 2016இல் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவை உயர் நீதிமன்றம் நிறுத்தியபோது, அரசு 2017இல் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து லட்சக்கணக்கான மனைகளைக் காப்பாற்றியது. சாலை எத்தனை அடி, கட்டணம் எவ்வளவு என்று கேட்டது. யாருக்கு விற்க மறுத்தாய் என்று ஒரு கட்டம்கூட அந்தப் படிவத்தில் இல்லை.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகளில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. 'கடை' என்பதை விரிந்த பொருளில் கொள்ள வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் விளக்கினார். 2011இல் இந்திய மருத்துவர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. மனை விற்கும் புரோமோட்டர் கடைக்காரர் இல்லையென்றால் வேறு யார்?

"இது சாதி இல்லை, பொருளாதாரம்" என்பது அடுத்த சமாதானம். வங்கிக் கடன் ஒப்புதலோடு வரும் தலித் ஆசிரியைக்கும் செவிலியருக்கும் இல்லை என்கிறபோது அது என்ன பொருளாதாரம்? சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான தகுதியோடு வாடகைக்கு வீடு கேட்டவர்களில் தலித்துகளும் முஸ்லிம்களும்தான் விரட்டப்பட்டார்கள்.

கலந்து வாழும் குடியிருப்பைத் திட்டமிட முடியாதா? முடியும் என்று இதே தமிழ்நாடு காட்டியது. தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடு, ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. குறைகள் உண்டு. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் யார் என்பதைச் சாதி தீர்மானிக்கக் கூடாது என்ற கொள்கை அங்கே இருந்தது. அதை ஏழைகளின் நூறு வீட்டுக்குள் அடைத்துவிட்டு, நடுத்தர வர்க்கத்தின் நகர்களை ஏன் தொடாமல் விட்டோம்?

ஏனென்றால் அந்த நகர்கள் நம்முடையவை. சங்கரன்கோவிலில் மனை பிரித்து விற்பவர் பார்ப்பனர் இல்லை. வாங்குபவரும் பெரும்பாலும் இல்லை. இடைநிலைச் சாதிகளின் புதுப் பணம் இது. அக்கிரகாரத்தைப் பற்றி மேடையில் பேசிவிட்டு வீட்டுக்கு வரும் தோழர், தன் அப்பா வாங்கிய மனையின் தெருவில் யாருக்கெல்லாம் இடம் மறுக்கப்பட்டது என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறாரா?

கோரிக்கைகள் தெளிவானவை. வீடு, மனை விற்பனையிலும் வாடகையிலும் சாதி, மதப் பாகுபாட்டைத் தண்டிக்கும் தனிச் சட்டம் வேண்டும். மனைப்பிரிவு ஒப்புதலிலும் ரியல் எஸ்டேட் ஆணையப் பதிவிலும் பாகுபாடு காட்டமாட்டேன் என்ற உறுதிமொழி கட்டாயமாக வேண்டும். மீறினால் ஒப்புதல் ரத்தாக வேண்டும். தலித் மக்களுக்கான இலவச மனைகளைச் சேரியை ஒட்டி எடுப்பதை நிறுத்தி, விரியும் நகரத்துக்குள் எடுக்க வேண்டும். சட்டம் வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டு மாடி காலியாகும்போது வாடகைக்குக் கேட்டு வருபவரிடம் உங்கள் அம்மா என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "எந்தத் தெரு?" என்று அவர் கேட்டால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.