கண்டி ரோட்டுக்கு 16 போதும்

கார் பைத்தியம் பிடிச்ச நம்ம பசங்க கிட்ட எழுதாத சட்டம் ஒண்ணு இருக்கு: சக்கரம் பெருசானாத்தான் கார் கெத்து. சுவிஃப்ட் ஸ்போர்ட் வெச்சிருக்கிறவருக்கு 17 அங்குலம் போதல, 18 தேடுறார். டொயோட்டா 86 வெச்சிருக்கிறவரும் அப்படித்தான். வாவிக்கரையில நிறுத்திப் படம் எடுத்தா அழகாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. அதே கார்ல அடை மழையில கட்டுகஸ்தோட்டை வரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வாங்க. எது வெறும் தண்ணி, எது தண்ணி நிறைஞ்ச குழின்னு ரிம் வளைஞ்ச பிறகுதான் தெரியும்.

என் கட்சி இதுதான். கண்டியிலயும் அதைச் சுத்தியும் ஓடுற ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு அங்குலம் சின்ன சக்கரம் போடுறது காரை இறக்குறது இல்ல, ரோட்டுக்குப் பொருத்துறது. போட்ட பிறகு காத்து எவ்வளவுன்னு முடிவு பண்ற வேலையைப் பெட்ரோல் ஷெட் பழக்கத்துக்கு விடக் கூடாது.

பெரிய ரிம்தான் வேகம்னு சொல்றவங்க உலக ரேலி பந்தயத்தைப் பார்க்கணும். ஒரே கார், தார் ரோட்டுப் போட்டியில 18 அங்குலம் போடும், மண்ணும் கல்லும் உள்ள போட்டியில 15 அங்குலத்துக்கு இறங்கும். கல்லு மோதும்போது அடியை வாங்க ரப்பர் உயரம் வேணும், அவ்வளவுதான். ஃபார்முலா ஒன் 2022ல 18க்கு மாறினது உண்மை. அதுக்கு முன்னாடி 2021 வரைக்கும் 13 அங்குலத்துலதான் ஓடினாங்க, யாரும் மெதுவாப் போகல. ‘இனிஷியல் டி’ பார்த்துட்டு மலை வளைவுக்கு ஆசைப்படுற தம்பிமாருக்கு ஒரு தகவல்: அந்த ஏஇ86 தொழிற்சாலையிலிருந்து வந்தது 13, 14 அங்குல சக்கரத்தோட. 1989ல வந்த முதல் மஸ்டா எம்எக்ஸ்-5க்கும் 14 அங்குலம்தான்.

நம்ம ரோடு இதுல எந்தப் பக்கம்? மஹியங்கனை 18 வளைவு நல்ல தார். கடுகண்ணாவை இறக்கமும் பெரும்பாலும் பரவாயில்ல. ஹந்தானை மேல தோட்டத்துப் பக்கம் ஏறினா, இல்ல புஸ்ஸல்லாவை தாண்டி உள் ரோடு ஒண்ணுல திரும்பினா, அது பாதி ரேலிதான். பந்தயம் மட்டும் கிடையாது. எதிர்ல பஸ் வரும், ஓரத்துல பிள்ளைங்க குடையோட ஸ்கூல் விட்டு நடந்து வரும். குழிக்குப் பயந்து ஸ்டீரிங்கை வெட்டினா கார் அந்தப் பிள்ளைங்க பக்கம்தான் போகும். குழியில இறங்கினாலும் தாங்கும்னு நம்பிக்கை இருந்தாத்தான் கையை நேரா வெச்சிருக்க முடியும்.

இப்ப கணக்கு. 2017ல வந்த சுவிஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 195/45ஆர்17. முதல் எண் டயர் அகலம் மில்லிமீட்டர்ல, ரெண்டாவது பக்கச் சுவர் உயரம் அந்த அகலத்துல எத்தனை சதவீதம்னு, கடைசி ரிம் அங்குலம். பக்கச் சுவர் 88 மிமீ, முழு விட்டம் 607 மிமீ. இதுக்குப் பதிலா 195/50ஆர்16 போட்டா பக்கச் சுவர் 97 மிமீக்கு மேல வரும், முழு விட்டம் 601. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்துல முன்னைய விட அரை கிலோமீட்டர்தான் குறைவு, ஏபிஎஸ்ஸும் குழம்பாது. அந்த ஒரு சென்டிமீட்டர் ரப்பர்தான் ரிம்முக்கும் குழிக்கும் நடுவுல நிக்குது. டொயோட்டா 86ல 215/45ஆர்17ஐ 205/55ஆர்16 ஆக்கினா விட்டம் ஒரு சதவீதம் கூடும், அதுவும் பரவாயில்ல. முழு விட்டம் ரெண்டு மூணு சதவீதத்துக்கு மேல மாறினாத்தான் யோசிக்கணும்.

திருப்பத்துல பெரிய ரிம் சட்டுன்னு பதில் சொல்லும், சின்னது கொஞ்சம் அசையும். ஒத்துக்கிறேன். ஆனா ரிம் சின்னதானா எடையும் பெரும்பாலும் குறையும், சஸ்பென்ஷன் லேசா வேலை செய்யும், மேடு பள்ளத்துல டயர் ரோட்டை விடாது. மழையில எனக்கு அதுதான் பெருசு.

வாங்குறதுக்கு முன்னாடி பிரேக் காலிப்பர்ல ரிம் தட்டாம சுத்துதான்னு மாட்டிப் பார்க்கணும். நட்டு இடைவெளி (சுவிஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 5x114.3, டொயோட்டா 86க்கு 5x100), ஆஃப்செட் ரெண்டும் பொருந்தணும். 2020 மார்ச்சில நின்ன வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்துச்சு. இடைப்பட்ட காலத்துல இருந்த காரை வெச்சே ஓட்டினோம், பழைய ரிம் வியாபாரம் சூடு பிடிச்சுது. ரிம்மோட டயரும் சேர்த்துத் தர்றாங்கன்னா பக்கச் சுவர்ல நாலு இலக்கம் தேடுங்க. 2316ன்னா 2016ல 23ஆவது வாரம். பட்டன் நல்லா இருக்குன்னு வாங்கிடாதீங்க, பட்டன் தேயாமலே ரப்பர் கல்லாகியிருக்கும்.

அடுத்தது காத்து, நம்ம ஆளுங்க அதிகம் குழம்புற இடம். ஷெட்டுல “எவ்வளவு?”ன்னு கேட்டா “நீங்களே பார்த்துப் போடுங்க அண்ணே”ன்னு சொல்லிடுறோம். டயர் மேல 51 பிஎஸ்ஐன்னு எழுதியிருந்தா அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம், நம்ம காருக்கு வைக்க வேண்டிய அளவு இல்ல. தொடங்க வேண்டிய இடம் டிரைவர் கதவுத் தூண்ல உள்ள ஸ்டிக்கர். புது சைஸ் அதுல இல்லன்னா டயரோட பாரக் குறியீட்டைப் பாருங்க. 195/45ஆர்17க்கு 81, அதாவது 462 கிலோ. 195/50ஆர்16க்கு 84, அதாவது 500 கிலோ. சின்ன ரிம் டயர் அதே காத்துல கூடுதல் பாரம் தாங்குது, அதனால அழுத்தத்தைக் கூட்டக் காரணமே இல்ல. இப்ப உள்ள எம்எக்ஸ்-5க்கு மஸ்டா 16க்கும் 17க்கும் ஒரே 29 பிஎஸ்ஐதான் சொல்லுது. எக்ஸ்எல்னு போட்ட டயருக்கு மட்டும் விஷயம் வேற, அதே பாரத்துக்கு அது கொஞ்சம் கூடுதல் காத்து கேட்கும்.

“நுவரெலியாவுக்குப் போறோம், காத்தைக் குறைச்சுடு மச்சான்”னு ஒரு அறிவுரை சுத்துது. கண்டி சுமார் 500 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். மேல வெளிக் காத்தழுத்தம் குறையுறதால கேஜ்ல 2 பிஎஸ்ஐ கூடத் தெரியும். ஆனா 25 டிகிரியிலிருந்து 15க்கு இறங்குற குளிர் ஒன்றரை பிஎஸ்ஐயைத் தின்னுடும். மிச்சம் அரை பிஎஸ்ஐ. அதுக்காக ரம்பொடையில காரை நிறுத்த வேண்டாம்.

நிஜமான ஆபத்து இறக்கத்துல. பிரேக் பிடிச்சுப் பிடிச்சு கம்பளைக்கு வந்து சேரும்போது டயர் சூடாகி அழுத்தம் நாலஞ்சு பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காத்தை இறக்கிவிட்டா மறுநாள் காலையில டயர் தேவையை விடக் குறைவா நிக்கும். குறைஞ்ச காத்தோட குழியில இறங்கினா 16 என்ன, 15 போட்டாலும் ரிம் போயிடும். அளக்குறதுன்னா காலையில, கார் எடுக்குறதுக்கு முன்னாடி, சொந்தக் கேஜ்ல. மாசம் ரெண்டு தடவை போதும். நடுப் பட்டன் மட்டும் தேஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேஞ்சா குறைவு.

ஜப்பான்லருந்து வந்த காருல ஸ்டிக்கர் ஜப்பானிய மொழியிலதான் இருக்கும், எண் கிலோபாஸ்கல்ல. 6.9ஆல வகுத்தா பிஎஸ்ஐ: 240ன்னா 35, 200ன்னா 29. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் வேற எண் இருக்கலாம், கவனிங்க. சின்ன ரிம் மாட்டின அன்னைக்கே புது சைஸ், முன், பின் அழுத்தம் மூணையும் தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி அந்த ஸ்டிக்கருக்குக் கீழ ஒட்டிடுங்க. ஷெட்டுல காத்து அடிக்கிற தம்பியும் பார்ப்பார், நாளைக்கு உங்ககிட்ட கார் வாங்குறவரும் பார்ப்பார்.