பிராது சொல்லுகிறவனுக்கா தண்டனை?

உத்தியோகஸ்தர்கள் மீது பிராது வந்தால் விசாரிக்கத் தனியாக ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்பதில் யோக்கியமான மனிதன் எவனுக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. ஸ்வீடன் தேசத்தார் 1809-லேயே இதற்கென்று ஓர் அதிகாரியை ஏற்படுத்திக் கொண்டார்கள். நம் நாட்டிலோ, நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷன் சிபாரிசு செய்தது 1966-ல், லோக்பால் மசோதா முதலில் வந்தது 1968-ல், சட்டமானது 2013-ல், முதல் தலைவர் நியமிக்கப்பட்டது 2019-ல். அதாவது மசோதா வந்த வருஷத்தில் பிறந்த குழந்தை, பேரன் எடுக்கும் வயதில்தான் அந்த ஆபீசின் கதவு திறந்தது.

போகட்டும், வந்த மட்டிலும் சரி என்று சட்டத்தைப் புரட்டினால், 46-வது பிரிவு கண்ணில் படுகிறது. பொய்ப் பிராது கொடுத்தவனுக்கு ஒரு வருஷம் வரை ஜெயில். ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம்! பொய்ப் பிராதைத் தண்டிக்க வேண்டாமா என்று சில அன்பர்கள் கேட்கலாம். வேண்டும்தான். நல்லெண்ணத்தோடு கொடுத்த பிராதுக்குத் தண்டனையில்லை என்றும் அதே பிரிவில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் லஞ்சத்துக்கு யாராவது ரசீது கொடுப்பதுண்டா? கொடுத்தவனும் வாங்கினவனும் தவிர சாட்சி ஏது? தனக்குச் சேரவேண்டிய பணத்துக்காக மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றுக்கு ஆறு மாதம் நடையாய் நடந்த ஓர் ஆலைத் தொழிலாளி, பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகும்போது இந்த ஜெயிலும் லட்சமும்தானே அவன் கண்முன் நிற்கும்? நல்லெண்ணம் என்ற வார்த்தையை அவனுக்கு யார் படித்துச் சொல்லப் போகிறார்கள்?

நிற்க, உத்தியோகஸ்தர் பக்கம் எப்படி என்று பார்ப்போம். 2018-ல் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில் 17ஏ என்று ஒரு பிரிவைப் புகுத்தினார்கள். உத்தியோக முறையில் செய்த சிபாரிசையோ முடிவையோ பற்றிய குற்றமானால், மேலிடத்தின் முன் அனுமதியில்லாமல் போலீசார் விசாரணையே துவக்கக் கூடாது என்பது அதன் கருத்து. கையும் களவுமாகப் பிடிப்பதற்கு மாத்திரம் அனுமதி வேண்டாமாம்! இதன் பலன் என்ன? பொடி தடவிய 500 ரூபாய் நோட்டை வாங்கின குமாஸ்தா அன்றைக்கே பிடிபடுவான். கோடிக்கணக்கான கண்டிராக்டுக்குக் கையெழுத்துப் போட்ட பெரியவரோ நோட்டைக் கையால் தொடுகிறவர் அல்லவே! அவரை விசாரிக்கலாமா என்று அவருடைய எஜமானர்களையே கேட்க வேண்டும். நேர்மையான அதிகாரியைத் தொந்தரவிலிருந்து காப்பாற்றவே இது என்கிறார்கள். அப்படியானால், நேர்மையான பிராதுக்காரனைக் காப்பாற்ற என்ன அனுமதி முறை வைத்தார்கள் என்று கேட்கிறோம்.

இதற்காகப் பிராதே கொடுக்க வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. 2020-ல் செய்த விதிகளின்படி லோக்பாலுக்குத் தமிழிலேயே எழுதலாம். குற்றம் நடந்து ஏழு வருஷம் தாண்டினால் மாத்திரம் எடுத்துக் கொள்ள மாட்டார்கள். எழுதத் தெரிந்த தோழர்கள் எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுத்து, அந்த 46-வது பிரிவையும் கடைசி வரி வரை படித்துக் காட்டும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.