அக்ராவில் ஓடிய குதிரைகள்

கொல்கத்தாவிலிருந்து பட்ஜ்பட்ஜ் செல்லும் லோக்கல் ரயில் அக்ரா என்ற ஸ்டேஷனில் நிற்கும். கிழக்கிந்தியக் கம்பெனி துரைமார்கள் 1769-லேயே குதிரைப் பந்தயம் நடத்திய ஊர் இது. அன்று நகருக்கு வெளியே, ஹூக்ளிக் கரையில் பரந்து கிடந்த திடல். 1798-ல் கவர்னர் ஜெனரலாக வந்த வெல்லெஸ்லிக்குச் சூதாட்டம் ஆகாது, கடிவாளம் விழுந்தது. பின்னாளில் பந்தயம் மீண்டு, நகர நடுவே மைதானத்துக்கு இடம்பெயர்ந்தது. அக்ராவோ செங்கல் சூளைகளுக்குப் பேர்போன ஊரானது.

மும்பையிலும் இதே கதைதான். 1883-ல் பந்தயம் மகாலக்ஷ்மிக்குப் போக, பழைய பைகுல்லா திடலைக் கட்டடங்கள் விழுங்கின.

பந்தயம் போனதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. பணம் தொலைத்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் குதிரையோடு வெட்டவெளியும் போய்விடுகிறதே, அதுதான் நஷ்டம்.

2024-ல் மகாலக்ஷ்மியின் 120 ஏக்கரை மும்பை மாநகராட்சி பூங்காவுக்கென ஒதுக்கிக்கொண்டது. அதே ஆண்டு சென்னையில், குத்தகையை ரத்து செய்து கிண்டியின் 160 ஏக்கருக்குச் சீல் வைத்தது தமிழக அரசு. குதிரைகள் கிளம்பிய மண்ணில் அடுத்து ஓடப்போவது குழந்தைகளா, கான்டிராக்டர்களா? அக்ராவைக் கேட்டால் பதில் செங்கல்லாகத்தான் வரும்.